சிஎஸ்ஆர் ஃபண்ட் வாங்கித் தர்றேன்னாரு, ஸ்டேஷன்ல குடுத்த சிஎஸ்ஆர் ரசீதுதான் மிச்சம்

கூத்து, பறை, கரகம், பொம்மலாட்டம்னு சின்னதா குழு வச்சிருக்கவங்க, ஊர்ல புள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்குறவங்க, கொஞ்சம் நீளமா இருந்தாலும் படிச்சிருங்க. கிராண்ட் வாங்கித் தர்றேன்னு வந்த ஒரு ஆளுகிட்ட எங்க தெருக்கூத்து ஜமா, அதாவது எங்க குழு, 60,500 ரூபாய் விட்டுச்சு. எழுதவே கூச்சமா இருக்கு. ஏன்னா நான் செய்யாறு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவன், சுத்துப்பட்டுல பாதிப் பேருக்கு ஆன்லைன் ஃபாரம் நான்தான் போட்டுக் குடுக்குறேன், வருமானச் சான்றுலருந்து பிஎஃப் வரைக்கும். அப்படிப்பட்ட என்னை வச்சுக்கிட்டே எங்க மாமாவை ஏமாத்திட்டுப் போயிட்டான்.

மாமாதான் ஜமாவுக்கு வாத்தியார். பங்குனி சித்திரைல ஆரம்பிச்சு ஆடி முடியுற வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதம், அர்ச்சுனன் தபசு, படுகளம்னு ஊர் ஊரா ஓடுவாங்க. மழைக்காலத்துல ஆட்டம் இருக்காது. அந்தச் சும்மா இருக்குற மாசத்துல மாமா ஞாயித்துக்கிழமை பன்னெண்டு புள்ளைங்களுக்கு அடவு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு, அதுல நாலு பொண்ணுங்க. காசு வாங்குறதில்ல. பிரச்சினை என்னன்னா புள்ளைங்களுக்குக் கட்டை (மரத்துல செதுக்குன கிரீடம், தோள் அணி எல்லாம்) கிடையாது, பெரியவங்க கிரீடத்தைக் கட்டுனா கண்ணு வரைக்கும் இறங்குது, புஜக்கட்டை தோள்ல நிக்கவே மாட்டேங்குது. கல்யாண முருங்கைல சின்ன சைஸா அஞ்சு செட்டு செதுக்கணும், கண்ணாடி ஒட்டணும், சலங்கை வாங்கணும், அப்புறம் முகவீணை (கூத்துல ஊதுற சின்ன நாயனம்) வாசிக்கிற பெரியவர் ஒருத்தருக்கு பஸ் செலவோட ஏதாவது குடுத்து ரெண்டு புள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லித் தர வைக்கணும். அவருக்கு அப்புறம் எங்க பக்கம் வாசிக்க ஆள் இல்ல, எல்லா ஜமாவும் ஆர்மோனியத்தை வச்சே ஓட்டுது. எல்லாம் சேர்த்து நாங்க போட்ட கணக்கு 70,000.

இந்தக் கணக்கை ஒரு கோயில் கூத்துல வச்சு மாமா யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்திருக்காரு, அங்கதான் அந்த ஆளு கிடைச்சாரு. ப்ராஜக்ட் கன்சல்டன்ட்னு கார்டு, சட்டைப் பைல மூணு பேனா, டெல்லில ஜாயின்ட் செக்ரட்டரிகிட்ட நேத்துதான் பேசுனேன்னு பேச்சு. மறுநாளே என் கடைக்கு வந்துட்டாரு. 70,000 எல்லாம் கேட்டா சிரிப்பாங்க சார், கம்மியா கேட்டா ரிஜெக்ட் ஆயிரும், அஞ்சு லட்சமா போடுவோம், அதுபோக கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் ஃபண்ட் இருக்கு, ஜெர்மன்காரன் பவுண்டேஷன் ஒண்ணு இருக்கு, நீங்க ட்ரஸ்ட் மட்டும் ரெடி பண்ணுங்க மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்னாரு. மாமா என்னைப் பாத்தாரு. நான் தலையை ஆட்டிட்டேன்.

காசு மொத்தமா போகல, அதான் விஷயமே. ஃபைல் ஓப்பன் பண்ண 5,000. ட்ரஸ்ட் பதிய 14,000. தொண்டு அமைப்புங்களுக்கான என்ஜிஓ தர்பண் நம்பர் வாங்க 3,500. 12ஏ, 80ஜின்னு ட்ரஸ்டுக்கும் நன்கொடை குடுக்குறவங்களுக்கும் வரிச்சலுகை தர்ற பதிவு வாங்க, ஆபீஸ்ல குடுக்கணும்னு கண்ணடிச்சுக்கிட்டே, 15,000. ப்ராஜக்ட் ரிப்போர்ட் எழுத 8,000. ஒவ்வொரு தடவையும் இது முடிஞ்சா அடுத்து பணம்தான்ங்கிற மாதிரியே இருக்கும். நடுவுல நிறுத்துனா அதுவரைக்கும் குடுத்தது வீணாயிடுமேன்னு அடுத்ததையும் குடுப்போம். இந்தக் காசு யாருதுன்னா, சீசனுக்கு முன்னாடி ஊர்க்காரங்க குடுக்குற அச்சாரம். பதினஞ்சு பேர் பங்கு பிரிக்க வேண்டிய காசு.

இதுல எதுக்கு உண்மையிலயே காசு, எதுக்கு இல்லன்னு நான் அப்புறமா உக்காந்து பாத்தேன். தர்பண் ரிஜிஸ்ட்ரேஷன் இலவசம். நிதி ஆயோக் நடத்துற போர்ட்டல் அது, பான், நிர்வாகிங்க மூணு பேர் விவரம், ஆதார் இருந்தா நம்மளே போட்டுக்கலாம். 12ஏ, 80ஜி ரெண்டுக்கும் புது ட்ரஸ்ட்டா இருந்தா வருமான வரி சைட்லயே ஃபாரம் போட்டுக்கலாம், அதுக்கும் ஃபீஸ் கிடையாது. ஆடிட்டர் போட்டுக் குடுத்தா அவர் கூலி கேப்பாரு, அது நியாயம், ஆனா ஆபீஸ்ல குடுக்கணும்னு ஒண்ணு இல்லவே இல்ல. ட்ரஸ்ட் பதியுறதுக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுறவர் கூலின்னு செலவு உண்டு. அவ்ளோதான். தினமும் மத்தவங்களுக்கு சைட் ஓப்பன் பண்ணி ஃபாரம் போடுறவன், எங்க விஷயத்துல ஒரு தடவை கூட ஓப்பன் பண்ணிப் பாக்கல. டெல்லின்ன உடனே அது நமக்குத் தெரியாத உலகம்னு ஒரு நெனப்பு.

ட்ரஸ்ட் பதிவு அன்னிக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும். சார்பதிவாளர் ஆபீஸ்ல காலைலருந்து உக்காந்திருந்தோம், டீட் இங்கிலீஷ்ல பதினோரு பக்கம், கைல குடுத்த அடுத்த நிமிஷம் டோக்கன் கூப்டாங்க, படிக்க எங்க நேரம், கை ரேகை வச்சோம் போட்டோ எடுத்தாங்க வந்துட்டோம். மாசக்கணக்குல கழிச்சு நகல் மனு போட்டு வாங்கிப் படிச்சா, அதுல நிர்வாக அறங்காவலர் எங்க மாமா இல்ல, அந்த ஆளோட மச்சான். ஆயுசு முழுக்க. பேங்க் அக்கவுண்ட்ல கையெழுத்து அவரு மட்டும். மாமாவும் நானும் சும்மா அறங்காவலர். தர்பண் லாகின்ல இருக்குற மொபைல் நம்பரும் அவங்களது. அதாவது நிஜமாவே அஞ்சு லட்சம் வந்திருந்தாலும் எங்களால ஒரு ரூபா எடுத்திருக்க முடியாது.

ப்ராஜக்ட் ரிப்போர்ட் கேட்டுக் கேட்டு கடைசில வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா வந்துச்சு. முப்பத்திரண்டு பக்கம். ஏழாவது பக்கத்துல எங்க ஜமா மதுரை மாவட்டத்துல கரகாட்டம் ஆடுதுன்னு இருந்துச்சு. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டவன் பாதில டீ குடிக்கப் போயிட்டான் போல. பட்ஜெட்ல ஒரு வரி, முகவீணை 40 எண்ணிக்கை. நாப்பது! மாமா அதைக் கேட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே, டேய் மாப்ள, தமிழ்நாடு பூரா தேடுனாலும் அதை வாசிக்க நாப்பது வாய் கிடைக்குமாடான்னாரு. அப்பவாவது நான் முழிச்சிருக்கணும். டைப்பிங் மிஸ்டேக், திருத்திரலாம் சார்னு அவர் சொன்னதை நம்புனேன்.

அப்புறம் ஒரு நாள் சாங்ஷன் லெட்டர் வந்துச்சு. மத்திய கலாச்சார அமைச்சகம், கல்ச்சுரல் ஃபங்ஷன் அண்ட் புரொடக்ஷன் கிராண்ட், 5,00,000 ரூபாய், முழுத்தொகையும் ஒரே தவணையா விடுவிக்கப்படும், அதுக்கு மூணு பர்சன்ட் ரீஃபண்டபிள் டெபாசிட் 15,000 மூணு நாளுக்குள்ள கட்டணும்னு. மாமா வீட்ல கேசரி கிண்டுனாங்க. அன்னிக்கு சாயந்திரமே ஜீபே பண்ணிட்டோம். யாருக்கு? அமைச்சகத்துக்கு இல்ல, ஒரு தனி ஆளு பேருக்கு. அதையும் கேட்டேன், நோடல் ஆபீசர் அக்கவுண்ட்னாரு.

ராத்திரி கடைய சாத்துறதுக்கு முன்னாடி மாமா அந்த லெட்டரை ஃப்ரேம் போடணும், கலர் பிரிண்ட் எடுடான்னாரு. பெருசு பண்ணி எடுத்தேன். பிரிண்டர்லருந்து வெளிய வர்றப்போ பாத்தா சிங்கத்துக்குக் கீழ சத்யமேவ ஜயதே இல்ல. நாள் பூரா சர்டிபிகேட் பிரிண்ட் போடுறவனுக்கு அது கண்ணுல குத்தாதா? சிங்கத்தோட ஓரம் வேற பிக்சல் பிக்சலா உடைஞ்சு கிடக்கு, எங்கயோ கூகுள்ல எடுத்து ஒட்டியிருக்கான். அனுப்புன மெயில் ஐடிய பாத்தேன், ஜிமெயில். அரசாங்க மெயில்னா கவ் டாட் இன், நிக் டாட் இன்னு முடியும், இதை நான் எத்தனை பேருக்கு சொல்லியிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஸ்கீமோட கைடுலைனை உக்காந்து படிச்சேன். ஸ்கீம் நிஜம்தான், பொய் இல்ல. சாதாரணமா 5 லட்சம் வரைக்கும், விதிவிலக்கா 20 லட்சம் வரைக்கும் கூடக் குடுப்பாங்க. ஆனா அமைப்பு பதிஞ்சு குறைஞ்சது மூணு வருஷம் ஆகியிருக்கணும். எங்க ட்ரஸ்டுக்கு அப்போ வயசு அஞ்சு மாசம். பணமும் ஒரே தவணையா வராது, முதல்ல 75 சதவீதம், நிகழ்ச்சி முடிச்சு கணக்கு, பயன்பாட்டுச் சான்று எல்லாம் அனுப்புனப்புறம் மிச்சம் 25. டெபாசிட்ங்கிற வார்த்தையே எங்கயும் இல்ல. சர்க்கார் நமக்குக் காசு குடுக்குறதுக்கு நம்மகிட்ட எதுக்குடா டெபாசிட் கேக்கணும், இதை யோசிக்க எனக்கு 60,500 ரூபா ஆச்சு. ஜெர்மன் பவுண்டேஷன் கதையும் அதே மாதிரிதான், வெளிநாட்டுக் காசு வாங்க எஃப்சிஆர்ஏன்னு மத்திய அரசுகிட்ட ஒரு பதிவு வேணும், அதுக்கு மூணு வருஷ அமைப்பா இருந்து 15 லட்சம் செலவு பண்ண கணக்கு காட்டணும், பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்குற அக்கவுண்டுக்குத்தான் வரணும். பன்னெண்டு புள்ளைங்கள வச்சு கிளாஸ் எடுக்குறவங்களுக்கு அது எட்டாத விஷயம். அந்த ஆளுக்கு முதல் நாளே இது எல்லாம் தெரியும்.

காலைல போன் பண்ணேன், எடுத்தாரு. மூணு வருஷ ரூலைப் பத்திக் கேட்டேன். அதெல்லாம் ரிலாக்ஸேஷன் வாங்கியாச்சு சார், நீங்க ரொம்ப நெட்டுல படிக்கிறீங்கன்னாரு. அதுக்கப்புறம் எடுக்கல. மாமா ஒரு வாரம் பொறுப்போம், டெல்லி போயிருப்பாருன்னாரு. அந்த ஒரு வாரம் ரெண்டு மாசமாச்சு, நாங்க பண்ண பெரிய தப்பு அதுதான். சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குக் கூப்ட்டப்போ ரொம்ப லேட்டுன்னாங்க, பணம் போன உடனே கூப்ட்டிருந்தா அந்த அக்கவுண்ட்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போட்டோம், லோக்கல் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்தோம், எஃப்ஐஆர் இன்னும் இல்ல, புகார் வாங்கிக்கிட்டதுக்கு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்தாங்க. கம்பெனி சிஎஸ்ஆர் வரும்னு நின்னவங்களுக்கு ஸ்டேஷன் சிஎஸ்ஆர். ட்ரஸ்ட்லருந்து விலகுறோம்னு மாமாவும் நானும் பதிவுத் தபால்ல கடிதம் அனுப்பியிருக்கோம், வக்கீல் சொன்னபடி. எங்க பேர்ல அதை வச்சு இன்னும் என்ன பண்ணுவாங்களோன்னு அது ஒரு பயம்.

ஜமால யாரும் மாமாவ ஒரு வார்த்தை கேக்கல. அச்சாரத்துல அவங்க பங்கு போயிருக்கு, மிருதங்கக்காரரு மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு மாத்தக் காசில்லாம பழைய தோலையே இழுத்துக் கட்டி வாசிச்சாரு. கேட்டிருந்தா கூட மாமாவுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

சரி, நிஜமாவே எங்க கேக்கலாம்னு நிறைய பேர் கேட்டாங்க, நான் பாத்த வரைக்கும் சொல்றேன். தனிக் கலைஞருக்குக் கருவி, உடை, அணிகலன் வாங்க தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 10,000 ரூபாய் குடுக்குற திட்டம் இருக்கு, பேப்பர்ல அறிவிப்பு வரும்போது போடணும், ஃபாரம் தமிழ்லயே இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டையைப் புதுப்பிச்சு வச்சுக்கோங்க. எங்களை ஏமாத்துன ஆளு அந்த அட்டை வேஸ்ட் சார்னு சொல்லி மாமாவைப் புதுப்பிக்க விடாம வச்சிருந்தாரு, அது தனி வயித்தெரிச்சல். பெங்களூருல இந்தியா பவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்னு 1995லருந்து கிராண்ட் குடுக்குறாங்க, எந்த இந்திய மொழியிலயும் எழுதி அனுப்பலாம், ட்ரஸ்ட் இல்லாத தனி ஆளும் கேக்கலாம். ஆனா ஜமாவுக்கு மேளம் வாங்கித் தாங்கன்னு கேட்டா ஆகாது, என்ன செய்யப் போறோம் ஏன் செய்றோம்னு யோசிச்சு எழுதணும். கம்பெனி சிஎஸ்ஆர்னா கம்பெனிச் சட்டத்துல பாரம்பரியக் கலைக்கு இடம் இருக்குறது உண்மை, ஆனா அதுக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பணம் வாங்குற அமைப்புக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு நம்பர்லாம் வேணும், சின்ன ஜமா அதுக்காக ட்ரஸ்ட் ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஆடிட் பண்ணிட்டு இருக்குறது கட்டுபடியாகுமான்னு முதல்ல பாருங்க. எனக்கென்னவோ எங்க 70,000க்கு ட்ரஸ்டே தேவைப்பட்டிருக்காது. ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டிருந்தாலே தேறியிருக்கும்னு இப்ப தோணுது. ஒரு செட்டுக் கட்டைக்கு மரமும் செதுக்கு கூலியும் போன மாசம் மாமாவோட பழைய மாணவர் ஒருத்தரே குடுத்துட்டாரு.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னா, போன வாரம் விழுப்புரத்துலருந்து ஒரு ஃப்ரெண்டு அவங்க ஊர்க் கரகாட்டக் குழுவுக்கு வந்த ப்ராஜக்ட் ரிப்போர்ட்ட அனுப்பி, மச்சான் இது சரியா இருக்கான்னு பாருன்னான். ஒன்பதாவது பக்கத்துல போட்டோல துரியோதனன் வேஷத்துல நிக்கிறது எங்க மாமா. கீழ கரகாட்டக் கலைஞர்னு போட்டிருக்கு. பட்ஜெட்ல முகவீணை நாப்பது அப்படியே இருக்கு. அவங்க இதுவரைக்கும் 19,000 கட்டியிருக்காங்க, நிறுத்தச் சொல்லிட்டேன், அன்னிக்கே 1930ல புகார் போட வச்சேன்.

அதனால திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர் பக்கம் யாராவது ஒரு கன்சல்டன்ட்கிட்ட ஆதார், பான் காப்பி, குழு போட்டோ குடுத்திருந்தீங்கன்னா, உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டை எடுத்து பட்ஜெட் பக்கத்தைப் பாருங்க. முகவீணை 40 இருந்தா எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. ஒரே ஆளு மேல நாலு ஊர்லருந்து புகார் போனா எஃப்ஐஆர் போடுறது ஈஸின்னு ஸ்டேஷன் ரைட்டர் சொல்லியிருக்காரு, இப்ப ரெண்டு ஊர் ஆச்சு.