கோழிக் கொட்டகை டைமர்: பேட்டரி மாற்றிய பிறகு

எங்கள் முட்டைக்கோழிக் கொட்டகையில் விளக்குகளை இயக்கும் டிஜிட்டல் டைமரைப் பழுது பார்த்து மீண்டும் மாட்டியாயிற்று. விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் மார்கழிப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். ஆனி மாதத்திலும் அது 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. முட்டையிடும் கோழிக்கோ 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். கண்ணில் படும் ஒளியைவிட, மண்டையோட்டை ஊடுருவி மூளையின் ஹைப்போதலாமஸை எட்டும் ஒளியே சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகிறது. செந்நிற ஒளி அதிகம் ஊடுருவும் என்பதால்தான் வெள்ளை விளக்கை விட்டு, செந்நிறம் கூடுதலாக உள்ள மஞ்சள் வெளிச்ச எல்இடிக்கு மாறினோம். வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது, முட்டையிடும் பருவத்தில் குறைக்கக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி.

அந்த விதியைக் காக்க இந்த டைமர் பெரிதும் உதவியது. முட்டையிடத் தொடங்கும் கோழிகளுக்கு வாரந்தோறும் அரை மணி நேரம் கூட்டுவதற்கு இரண்டு பொத்தான்களை அழுத்தினால் போதும். அதிகாலை 4 மணிக்கு விளக்கு எரிவதால், சித்திரை வெயில் ஏறும் முன்பே, குளிர்ந்த நேரத்தில் கோழிகள் வயிறாரத் தீவனம் எடுக்கின்றன. வெயிலில் இரை குறைந்து முட்டை ஓடு மெலிவதைத் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது தீராத எரிச்சல். மின்தடையின்போது உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரியைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். அது வலுவிழந்ததற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. அப்படி வலுவிழந்த பிறகு, மின்தடை முடிந்து மாலை 6 மணிக்குக் கரண்ட் வந்தால் கடிகாரம் நள்ளிரவு 12 மணியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பொழுது சாய்ந்தது முதல் கொட்டகை இருண்டு கிடக்கும். கோழிகள் அடங்கிய பிறகு இரவு 10 மணிக்கு, அதிகாலை 4 மணி என்று எண்ணி விளக்குகள் எரியும். ஒரு நாள் பிசகினால் சமாளிக்கலாம். தொடர்ந்து பிசகினால் முட்டை எண்ணிக்கை சரியும். வெளிச்சம் குறைந்தே நீடித்தால் கோழிகள் இறகு உதிர்த்து முட்டையிடுவதையே நிறுத்திவிடவும் கூடும். ஒரு சிறு பேட்டரியை வெளியிலிருந்து மாற்றும்படி அமைக்காத அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பற்றவைப்பை உருக்கி, பேட்டரிக்கு ஒரு கூடு பொருத்தித் தந்தவர் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்.

இப்போது டைமர் நிமிடம் தவறாமல் ஓடுகிறது. இருந்தும், இதை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். விலை பாதியாகக் குறைந்தாலும் என் பதில் இதுதான்: பேட்டரியைக் கையால் கழற்றி மாட்டக்கூடிய டைமர் கிடைக்கும்வரை காத்திருங்கள், அதுவரை கரண்ட் போய் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கொட்டகைக்குச் சென்று கடிகாரத்தைப் பார்த்து வரட்டும்.