உடுக்கு அடிக்கும் விரலுக்கு எந்தப் பேட்?

போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து மருமகன் வந்திருந்தான். கூத்துக்கு மத்தளம் அடிக்கிற பிள்ளை. லப்டொப்பில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளை வைத்து மவுஸாலேயே தாளம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டான். "மாமா, பேட் ஒண்டு வாங்கப் போறன். வீடியோவில பாத்தா எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. எத வாங்குற?" என்றான். பேட் என்று அவன் சொன்னது, லப்டொப்பில் குத்தி விரலால் தட்டும் பெட்டியை.

மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு மேசையில் அகாய் எம்பிடி 218 ஒன்று சில வருடமாகக் கிடக்கிறது. அந்த வாரம் கூட்டாளி ஒருவரின் நோவேஷன் லோஞ்ச்பேட் எக்ஸும் இரவலாக வந்திருந்தது. சரி, வாயால் சொல்வதைவிட இரண்டையும் பக்கத்தில் வைத்து அடித்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

அதற்கு முன் ஒன்று. இந்தப் பெட்டிகளில் சத்தம் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் புதுப் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஹெட்போன் குத்தும் ஓட்டையைத் தேடியதை நானே பார்த்திருக்கிறேன். எந்தப் பேட்டை, எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்ற செய்தியை மட்டும் மிடி என்ற இசைக்கருவிகளின் குறிமொழி வழியாக லப்டொப்புக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. பலம் 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகப் போகும். அதற்குத்தான் வெலோசிட்டி என்று பெயர். சத்தம் முழுக்க மென்பொருளுடையது. ஆகவே எந்தப் பேட்டின் சத்தம் நல்லது என்ற கேள்வியே இல்லை. கைக்கு எது தோது என்பதுதான் கேள்வி.

இரண்டும் இரண்டு வம்சம். அகாய் 1988 இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி 60 என்ற தாளக் கருவியை வெளியிட்டது. நாலுக்கு நாலாய்ப் 16 ரப்பர் பேட், விரலால் தாளம் அடிப்பதற்கென்றே செய்தது. எம்பிடி 218 அந்த வீட்டுப் பேரப்பிள்ளை. லோஞ்ச்பேட் 2009 இல் ஏபிள்டன் லைவ் மென்பொருளுக்காக வந்தது. எட்டுக்கு எட்டாய் 64 சதுரம், ஒவ்வொரு சதுரமும் ஒரு இசைத் துண்டை ஓடவிடும் சுவிட்ச். ஒன்று மேளம், மற்றது சுவிட்ச் பலகை. பிற்காலத்தில் ஒன்றின் குணம் மற்றதில் கலந்தாலும் பிறவிக் குணம் போகவில்லை.

சோதனைக்கு நான் எடுத்தது உடுக்கு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு உடுக்கு அடிக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டு, வீட்டு விறாந்தையில் வைத்துப் பதிவுசெய்த ஒலிகள் என்னிடம் இருக்கின்றன. ஒரே அடியை நாலு பலத்தில் அடிக்கச் சொல்லி, நாலு அடுக்காகச் சாம்ப்ளரில், அதாவது பதிவுசெய்த ஒலியைத் தட்டும்போது ஒலிக்கவிடும் மென்பொருளில், ஏற்றியிருக்கிறேன். 1 முதல் 40 வரை வந்தால் விரல் நுனி தடவும் சத்தம், 110 ஐத் தாண்டினால் காதைப் பிளக்கும் அடி. உடுக்கின் உயிர் இதோடு முடிவதில்லை. வலது கை விரல் தோலைத் தட்டும்போது இடது கை நடுக்கயிற்றை இறுக்கும், தளர்த்தும். அதனால்தான் அடித்த ஒலி அப்படியே மேலே வளைந்து அழுவதுபோல் கேட்கிறது. மவுஸால் வராத சங்கதி இதுதான்.

பேட்டில் இதற்கு வழி உண்டு. தட்டிய பிறகும் விரலை எடுக்காமல் அழுத்தினால், அந்த அழுத்தத்தை ஆஃப்டர்டச் என்று தனியாக அனுப்பும். அதை ஏற்கிற சாம்ப்ளரில் சுருதியோடு இணைத்துவிட்டால், விரலின் அழுத்தமே கயிற்றின் இறுக்கமாகிவிடும். எம்பிடி 218, லோஞ்ச்பேட் எக்ஸ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது.

இருந்தும் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. எம்பிடியின் ரப்பர் தடிப்பானது. அடித்த பிறகும் உள்ளே அமுக்க இடம் இருக்கிறது. மருமகன் முதல் அடியிலேயே தட்டி, மெல்ல அமுக்கி, விட்டான். உடுக்கு அழுதது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். லோஞ்ச்பேட் எக்ஸில் அதே வேலையைச் செய்தபோது சுருதி மெல்ல ஏறாமல் துள்ளி ஏறியது. அதன் பரப்பு தட்டை. அமுங்கும் தூரம் குறைவென்பதால் அழுத்தத்தை அளந்து கொடுக்க விரல் பழக வேண்டும். பழகினால் வரும், ஆனால் நாள் எடுக்கும்.

நான் எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. மத்தளத்தில் பெரிய அடிகளுக்கு நடுவே கேட்டும் கேட்காமலும் விழும் சின்ன விரல் தட்டுகள் இருக்கின்றனவே, அவை லோஞ்ச்பேட் எக்ஸில்தான் சுலபமாக வந்தன. மெல்லத் தொட்டாலே பிடித்துக்கொள்கிறது. எம்பிடி கொஞ்சம் கை கனம் கேட்கும். மத்தளக்காரப் பிள்ளைக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை, அவன் கை ஏற்கெனவே தோலில் அடித்துத் தடித்த கை. கீபோர்ட் வாசித்துப் பழகிய மென்கை என்றால் என் தீர்ப்பு மாறியிருக்கலாம்.

இடந்தலையைக் கீழ் இடது மூலையிலும் வலந்தலையின் மூன்று சொற்களை வலப்பக்கத்திலும் வைத்துத் "தகதிமி"யை வேகமாக அடித்தான். எம்பிடியில் பேட்கள் பெரிது, விரலுக்கு விரல் இடம் தாராளம். லோஞ்ச்பேட்டில் பக்கத்துச் சதுரத்தில் கை பட்டுவிடுகிறது. அவன் கையும் சின்னக் கை இல்லை. 16 பேட் போதுமா என்று கேட்பீர்கள். எம்பிடியில் பேங்க் மாற்றினால், அதாவது அதே பேட்களுக்கு வேறு தொகுதி ஒலிகளைக் கொடுத்தால், 48 வரை போகலாம், 6 குமிழ்களும் மூன்று பேங்கில் 18 ஆகும். என் அனுபவத்தில் மூன்றாவது பேங்க் தூசி பிடித்துத்தான் கிடக்கிறது.

நோட் ரிப்பீட் என்றொரு பொத்தானும் எம்பிடியில் உண்டு. பேட்டை அமுக்கிப் பிடித்தால் வேகக் கணக்குக்கு ஏற்ப அடி தானாகத் தொடரும். திஸ்ர நடைக்கான பிரிவுகளும் இருக்கின்றன. ஹை-ஹெட் என்ற டிரம்ஸ் தாளத்தட்டுக்கு அருமை. உடுக்குக்கும் மத்தளத்துக்கும் மட்டும் தொடவே வேண்டாம், தையல் மெசின் ஓடுவதுபோல் இருக்கும்.

இதுவரை கேட்டால் லோஞ்ச்பேட்டை எதற்கு வாங்குகிறார்கள் என்று தோன்றும். மேடைக்கு ஏறிப் பாருங்கள். கோயில் திருவிழாவில் இசைக்குழுவோடு நிற்கிறீர்கள். பாட்டின் பின்னணித் துண்டுகள் பல்லவி, சரணம், இடையிசை என்று தனித்தனியாக இருக்கின்றன. பாடகர் பல்லவியை இன்னொரு தரம் திருப்புகிறார். ஏபிள்டனில் ஒவ்வொரு துண்டும் லோஞ்ச்பேட்டின் ஒரு சதுரத்தில் அதே நிறத்தில் எரியும். எந்தத் துண்டு ஓடுகிறது, எது அடுத்துக் காத்திருக்கிறது என்பதை இருட்டிலும் கண்ணால் காணலாம். பல்லவிச் சதுரத்தைத் தட்டினால் தாளம் தவறாமல் அடுத்த ஆவர்த்தனத்தில் ஏறிக்கொள்ளும். இதை எம்பிடியில் செய்ய முடியாதா என்றால் முடியும், ஆனால் எந்தப் பேட்டில் எது இருக்கிறதென்று மனப்பாடம் செய்ய வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவிலும் பர்ஃபோமன்ஸ் மோட் இருக்கிறது, லோஞ்ச்பேட் அதிலும் வேலை செய்யும். என்றாலும் அதன் சொந்த வீடு ஏபிள்டன்தான்.

ஸ்கேல் மோட்டும் இங்கே ஒரு ஆதாயம். மேஜரைத் தெரிவுசெய்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் மட்டும், டோரியனைத் தெரிவுசெய்தால் கரகரப்பிரியாவின் சுரங்கள் மட்டும் பலகையில் நிற்கும். பிழைச் சுரம் அடிக்கவே முடியாது. கமகத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

லோஞ்ச்பேட் மினியும் இருக்கிறதே, விலை குறைவாயிற்றே என்று மருமகன் இழுத்தான். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மினி எம்கே 3 பார்க்க எக்ஸின் தம்பி மாதிரி, 64 சதுரமும் வண்ண விளக்கும் அப்படியே. ஆனால் வெலோசிட்டி கிடையாது. பூவால் தட்டினாலும் உலக்கையால் இடித்தாலும் ஒரே பலம். துண்டுகளை ஓடவிட மட்டும் என்றால் அது போதும், நல்ல சாமான். தாளம் அடிக்க நினைப்பவன் அந்தப் பக்கமே போகக் கூடாது. அகாயின் ஏபிசி மினியும் இதே கதைதான், மேலதிகமாக மேலும் கீழும் தள்ளும் 9 ஃபேடர்கள் கிடைக்கும்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பிகே மினி: 25 குட்டிக் கட்டைகள், 8 பேட், 8 குமிழ். மெட்டும் தாளமும் ஒரே பெட்டியில் வேண்டும், மேசையில் இடமில்லை என்பவருக்கு இதுதான். கல்யாண வீடியோவுக்கு இசை போடும் தம்பிமாருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோர்க் நேனோபேட் 2: எட்டெட்டாய் இரண்டு வரிசை, புத்தகப் பையில் போடலாம், விரல் இழுக்கும் எக்ஸ்வை பலகை வேறு. மஷீன் மைக்ரோ எம்கே 3 இன் 16 பேட்களும் அருமையானவை, ஆனால் அது பாதிப் பொருள், மறுபாதி அதன் மென்பொருள். எஃப்எல்லில் ஊறிய பிள்ளை இன்னொரு மென்பொருளைக் கற்க ஆயத்தமா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டான்.

"மாமா, நான் அடிக்கக்குள்ள சத்தம் பிந்தி வருது. பேட்டுல பிழையா?" என்று நடுவில் கேட்டான். பேட்டில் பிழையில்லை. அவனுடைய லப்டொப்பில் பஃபர், அதாவது சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு, 2048 இல் கிடந்தது. 44.1 கிலோஹெட்ஸில் அது சுமார் 46 மில்லிசெக்கன் தாமதம், அதற்கு மேல் வேறு சில்லறைத் தாமதங்களும் சேரும். 256 ஆக்கினால் 6 மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் கட்டாயம், சவுண்ட் கார்டுக்கென்று ஒன்று இல்லாவிட்டால் இலவசமான ஏசியோ4ஆல் போட்டுக்கொள்ளலாம். புதுப் பேட் வாங்கும் முன் இதைச் சரிசெய்து பாருங்கள்.

இரண்டும் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுப்பவை. 2022 இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் லப்டொப் பற்றரி இருக்கும்வரை என் எம்பிடியும் ஓடியது.

பழையது வாங்குவோருக்கு ஒரு சொல். ஒருமுறை இணைய விளம்பரம் பார்த்து ஒரு பேட் எடுத்தேன். கம்பனிப் பெயர் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்தால் பதின்மூன்றாவது பேட் ஒரு தட்டுக்கு இரண்டு அடி விழுத்தியது. விற்றவர் அதன் பிறகு போனே எடுக்கவில்லை. ஆகவே லப்டொப்பையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பேட்டையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று தரம் அடித்து, திரையில் விழும் எண்களைப் பாருங்கள். புதுசோடு வரும் ஏபிள்டன் லைவ் லைட் உரிமம் பழையதில் பெரும்பாலும் செலவாகிவிட்டிருக்கும், அதை விலையில் சேர்த்துக் கதைக்க விடாதீர்கள். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் யூஎஸ்பி வாயில் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. கல்லடி உப்புக்காற்று எதையும் விடாது. என்னுடையதை இரவில் பழைய சாரனால் மூடித்தான் வைப்பேன்.

மருமகனுக்கு நான் சொன்னது எம்பிடி 218. அவன் மேடையில் துண்டு ஓட்டப் போவதில்லை, அடிக்கப் போகிறான். இசைக்குழுவில் சேர்ந்தால் அப்புறம் லோஞ்ச்பேட்டைப் பார்க்கலாம். எக்ஸையே எடுத்தால் இரண்டு வேலையும் ஆகுமே என்பார்கள். ஆகும்தான், ஆனால் விலையும் கூட, அவன் முதலில் செய்யப்போகும் வேலைக்கு அது இரண்டாந்தரம்.

கட்டாரிலிருக்கும் பெரியப்பாவுக்கு அன்றைக்கே செய்தி அனுப்பிவிட்டான். சாமான் வரும்வரை என்னுடையதைக் கொண்டுபோகச் சொன்னேன். சாரனில் சுற்றிப் பையில் வைத்துவிட்டுப் படலைவரை போனவன் திரும்பி வந்தான்.

"மறுகா மாமா, வயர்?"

எம்பிடிக்கு வேண்டியது பிரின்டருக்குக் குத்தும் சதுரத் தலை யூஎஸ்பி வயர். என் பிரின்டரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.