மற்றக் காலையும் காட்டுங்கோ

இந்த முறை திருகோணமலைக்குப் போய் வந்ததில் ரயிலைப் பற்றியோ, நிலாவெளி ஹோட்டல் விலையைப் பற்றியோ சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழுத இருப்பது அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற அறையைப் பற்றி. விடுமுறைக்குப் போகிறவன் போய் நிற்க விரும்புகிற இடமா அது?

மாமாவுக்கு 70 தாண்டிவிட்டது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், 20 வருடத்துக்கு மேல். ஆகஸ்ட் மாத வெயில் எப்படி என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியானப் பூசைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனவர், வெறுங்காலோடு இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கமும் ஒரு சுற்றுப் போய் வந்திருக்கிறார். கல்லுக் கொதித்தது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் படுக்கை விரிப்பில் கறையைக் கண்டு மாமிதான் காலைத் தூக்கிப் பார்த்தாராம். இடது பாதத்தில் சின்ன விரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து கிடந்தது. "கொஞ்சமும் நோகேல்லை" என்று மாமாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு. நோகாமல் விட்டதுதான் வருத்தமே என்று அதுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

முதலில் போனது வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு தனியார் இடம். பேர் வேண்டாம். ஏசி அறை, மீன்தொட்டி, நம்பர் கூப்பிட ஒரு பிள்ளை. நாளாந்தம் மருந்து கட்டினார்கள், நாளாந்தம் பில் போட்டார்கள். துண்டுகளை எல்லாம் மாமி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். எடுத்து அடுக்கிப் பார்த்தேன். அன்டிபயோடிக் இருக்கிறது, விற்றமின் இருக்கிறது, நோவே இல்லாத மனிசனுக்கு நோவுக் குளிசையும் இருக்கிறது. சீனி பார்த்த துண்டு ஒன்றுகூட இல்லை. பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். "கட்டை அவிழ்ப்பாங்கள், பவுடர் போடுவாங்கள், திரும்ப இறுக்கிக் கட்டுவாங்கள்" என்றார் மாமி. நான் போய்ச் சேர்ந்தபோது விரல் கருநீலமாகி, சுற்றிவர வீங்கி, மாமாவுக்குக் காய்ச்சலும் காய்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஒரு மணம். அதை மறைக்க ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள்.

நான் இருக்கிற லண்டனைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கே ஒரு ஜீபியை, அதாவது குடும்ப டொக்டரைப் பிடிப்பதென்றால் காலை எட்டு மணிக்குப் போன் எடுத்து, அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு வருடத்துக்கு ஒரு தரமாவது கால் பார்க்க அழைப்பு வரும். எனக்கும் வருகிறது. சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உணர்வு இருக்கிறதா, இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். காலில் புதிதாகப் புண் கண்டால் ஒரு வேலை நாளுக்குள் பாதச் சிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும், தசை கறுத்து அழுகத் தொடங்கியிருந்தால் உடனேயே ஆஸ்பத்திரி. இதுதான் அங்கத்தைய வழிகாட்டல். மீன்தொட்டி கிடையாது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா காலைக் கழட்டிப் போடுவாங்கள், மருமகன்." மாமா கட்டிலை விட்டு எழும்பவே மாட்டேன் என்றார். விரலோடு போய் காலில்லாமல் வந்த ஒருவரின் கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அந்த ஆள் கோப்பித்தூளும் மஞ்சளும் அப்பிக்கொண்டு எத்தனை கிழமை வீட்டில் கிடந்தார் என்பது மட்டும் கதையில் வராது. கன்னியாவுக்குக் கொண்டுபோய் வெந்நீர்க் கிணற்றில் காலைக் கழுவினால் மாறும் என்று ஒரு யோசனையும் வந்தது. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனால் அயலட்டைச் சனம் கூடிவிடும் என்று அதற்கும் தடை. கடைசியில் ஆட்டோ.

ஓபிடியில், வெளிநோயாளர் வாங்கில் காத்திருந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன்.

மருந்து கட்டுகிற அறையில் ஒரு மிஸ்ஸி, நர்ஸ்தான். முப்பது வயது இருக்கும். கட்டை அவிழ்த்தபோது மூக்கைச் சுளிக்கவில்லை. புண்ணைச் சுற்றி அமர்த்திப் பார்த்தார், பாதத்தின் மேற்பக்கம் இரண்டு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், பிறகு உள் கணுக்காலுக்குப் பின்னாலும் அப்படியே. அந்தப் பில் துண்டுகள் ஒன்றிலும் இல்லாத வைத்தியம் அது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "மற்றக் காலையும் காட்டுங்கோ ஐயா."

"அது நல்லா இருக்கு, மிஸ்ஸி."

"நல்லா இருக்கிறதையும் பார்க்கத்தானே வேணும். செருப்பைக் கழட்டுங்கோ."

வலது பெருவிரலுக்குக் கீழே, தோல் தடித்த இடத்தில், பொட்டுப் போல ஒரு இரத்தப் புள்ளி. மிஸ்ஸி குனிந்து செருப்பை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் ஒரு துருப்பிடித்த சின்ன ஆணியின் தலை, ரப்பரோடு ரப்பராகத் தேய்ந்து கிடந்தது. மேற்பக்கம் அதன் கூர், ஒரு நெல்லுமணி நீளத்துக்கு. எத்தனை நாளாக அதன்மேல் மிதித்து நடந்தாரோ! மிஸ்ஸி இடுக்கியால் பிடுங்கி ட்ரேயில் போட்டார். மாமா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயடைத்து நான் கண்டதில்லை.

பிறகு, காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, மேசை லாச்சியிலிருந்து ஒரு பிடியில் பொருத்திய நைலோன் நூலை எடுத்தார். திருக்கடலூரில் மீன்பிடி வள்ளக்காரச் சம்மாட்டியாரிடம் கணக்கு எழுதியவர் அல்லவா மாமா, "என்ன மிஸ்ஸி, தங்கூசியா?" என்று கேட்டார். பார்க்க அந்தத் தூண்டில் நூல் மாதிரித்தான் இருக்கும். 10 கிராம் அமுக்கத்தில் வளைகிற மாதிரிச் செய்த நூல். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பட்டவுடன் சொல்லச் சொன்னார். விரல் நுனி, விரலடி என்று ஒவ்வொரு இடமாக நூல் வளைந்து எழும்பியது. மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கவனமாக இருந்தார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "எங்க, தொடங்கேல்லையோ?"

பின்னேரம் வந்த டொக்டர் சிங்களவர், ஆனால் தமிழில் தட்டித் தட்டி அழகாக விளங்கப்படுத்தினார். இரத்தம் போய்ச் சேராத தசை செத்துப்போகும். சீனியும் சிகரெட்டும் இரத்தக் குழாயை ஒடுக்கும், சீனி நரம்பையும் மரக்கப் பண்ணும், காயம் பட்டால் தெரியாது, கிருமி புகுந்துவிடும். காய்ந்த அழுகல் என்றால் விரல் கறுத்துச் சுருங்கி, நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் இடையில் கோடு தெரியும், மெதுவாகப் போகும். ஈர அழுகல் வீங்கும், மணக்கும், காய்ச்சல் காயும். நஞ்சு இரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டுபோய்விடும். மாமாவுடையது ஈரம். தோலை அமர்த்தும்போது நறநறவென்றால் உள்ளே வாயு பிடித்திருக்கிறது, அது மணித்தியாலக் கணக்கில் பரவும்; நல்லகாலம், அது இல்லை. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டார். கணுக்கால் அளவைக் கை அளவால் பிரித்தால் 0.9க்குக் கீழே வரக்கூடாதாம். மாமாவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் புண் ஆறப் போதும் என்றார். சின்ன விரலை எடுத்தார்கள். கால் இருக்கிறது.

எல்லாம் திறம் என்று எழுதினால் பொய். மருந்தில் சிலது வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். வார்ட் கழிவறைத் தரை எந்நேரமும் ஈரம்; கால் புண்காரர் நிறைந்த வார்ட்டில்! மாமாவின் புதுச் செருப்பை யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அவர் வெறுங்காலோடு நின்றார். நான் சத்தம் போட, மேற்பார்வையாளர் "நீங்க வெளிநாடோ?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள் நிற்கிறது.

வீட்டுக்கு விடும்போது மிஸ்ஸி பேசியது மாமியோடுதான், மாமாவை நம்பவில்லை. இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும், எண்ணெய் அங்கே பூசக்கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். தடித்த தோலை பிளேட்டால் சீவினால் தன்னிடம் வர வேண்டாம். செருப்பை உதறிப் பார்த்துத்தான் போட வேண்டும். கன்னியா? "சூடு தெரியாத காலுக்கு வெந்நீரோ!" சிகரெட்டுக்கு ஒரு பார்வை மட்டும்.

"அப்ப கோயில்?" என்றார் மாமா.

"விடியப் பூசைக்குப் போங்கோ. கல்லுக் குளிர்ந்து கிடக்கும். ஐயரைக் கேட்டுத் தடிச்ச சொக்ஸ் ஒண்டும் போடுங்கோ." சொக்ஸோடு கோயிலுக்குப் போகிறதா என்று வழி முழுக்கச் சண்டை. அது இன்னும் முடியவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் சொக்லேட்டைக் குறைத்துவிட்டு, முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் உறுத்தாத ஒரு சோடி சப்பாத்து வையுங்கள். சப்பாத்து நம்பரை மட்டும் கேட்டு வாங்கினால் அளவு பிழையாகிவிடும். பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கிற நேரத்தில், கடதாசியில் பாதத்தை வைத்துக் கோடு கீறி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு காலையும்.