கோட் எடிட்டர் பாகம்: க்யூட்டில் நாமே கட்டுவதா, சின்டில்லாவை உள்ளே வைப்பதா?

டெஸ்க்டாப் மென்பொருளுக்குள் ஒரு சின்ன கோட் எடிட்டர் வேண்டும்: கீவேர்டுகளுக்கு நிறம், இடப்பக்கம் வரி எண், பகுதிகளை மடிக்கும் வசதி. சி++ஸில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் யோசிப்பார்கள். ஒன்று, ஜன்னல், பொத்தான் போன்றவற்றைக் கட்ட உதவும் க்யூட் (Qt) நூலகத்தின் எழுத்துப் பெட்டியான பிளெய்ன்டெக்ஸ்ட்எடிட்டை எடுத்து அதன்மேல் கட்டுவது. மற்றொன்று, 1999 முதல் வளர்ந்துவரும் சின்டில்லா (Scintilla) என்ற எடிட்டர் பாகம்; நோட்பேட்++, ஜீனி ஆகிய எடிட்டர்கள் இரண்டுக்குள்ளும் இருப்பது இதுதான். அடியிலிருந்து எல்லாவற்றையும் நாமே எழுதுவது வேண்டாம். எழுத்துகளை நினைவகத்தில் வைத்திருக்கும் கேப் பஃபரை எழுதுவது எளிது. உள்ளீட்டு முறைகள், கூட்டெழுத்துகளை வரைவது, திரைவாசிப்பான் ஆதரவு என்று போனால் கரையே தெரியாது.

நான் சின்டில்லா பக்கம்தான். காரணம் பராமரிப்பு.

வரி எண்ணையே பாருங்கள். க்யூட்டில் வியூபோர்ட்டின் (எழுத்து தெரியும் பரப்பின்) இடது மார்ஜினை ஒதுக்கி, அங்கே தனி விட்ஜெட் (திரைக் கூறு) வைத்து, கண்ணுக்குத் தெரியும் முதல் பிளாக்கிலிருந்து (வரியிலிருந்து) எண்களை நாமே வரைய வேண்டும். 99 வரி 100 ஆகும்போது அகலத்தைக் கூட்ட வேண்டும், ஜன்னல் அளவு மாறினால் விட்ஜெட்டையும் மாற்ற வேண்டும். அப்டேட்ரிக்வெஸ்ட் சிக்னல் தரும் நகர்வைக் கவனிக்காவிட்டால் எழுத்து உருளும், எண்கள் அப்படியே நிற்கும். சின்டில்லாவில் மார்ஜின் 0 ஏற்கெனவே வரி எண்ணுக்கானது. அதன் அகலம் 0 ஆக இருப்பதால் தெரிவதில்லை. அகலத்தைக் கொடுத்தால் போதும்.

மடிப்பில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. க்யூட்டில் பிளாக்குகளை மறைத்துவிடலாம். ஆனால் கர்சர் மறைந்த வரிக்குள் போய்விடும், அன்டூ செய்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுத்து மாறும். ஒவ்வொன்றையும் நாமே அடைக்க வேண்டும், புது வசதி சேர்க்கும்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும். சின்டில்லாவில் லெக்சருக்கு (கோடைச் சொல் சொல்லாகப் பிரித்து நிறமிடும் பகுதிக்கு) ஃபோல்ட் பிராப்பர்ட்டியை 1 ஆக்கி, மடிப்புக் குறிகளுக்கு ஒரு மார்ஜினை ஒதுக்கி, ஆட்டோமேட்டிக்ஃபோல்டுக்கு 7 கொடுங்கள். தேவைப்படும்போது மறைந்த வரிகளைக் காட்டுவது, மார்ஜின் கிளிக், மடிப்பு அமைப்பு மாறும்போது திறப்பது மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சின்டில்லாவிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதலில் இயல்பு ஸ்டைலான 32-க்கு எழுத்துரு, பிறகு அதை எல்லா ஸ்டைலுக்கும் பரப்பும் ஸ்டைல்கிளியர்ஆல், அதன் பிறகே மற்ற நிறங்கள். வரிசை மாறினால் போட்ட நிறமெல்லாம் அழிந்துபோகும். கோப்பை ஏற்றியதும் அன்டூ பஃபரைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் பயனர் கன்ட்ரோல்-இசட் அழுத்த, மொத்தக் கோப்பும் காணாமல் போகும்.

பெரிய தொல்லை பைட் கணக்கு. க்யூட் இடங்களை யூடிஎஃப்-16 அலகில் எண்ணும், சின்டில்லா பைட்டில். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, க்யூட்டுக்கு 5, யூடிஎஃப்-8 சின்டில்லாவுக்கு 15. பார்சர் (கோடின் இலக்கணத்தைப் பார்த்துப் பிழை சொல்லும் பகுதி) வரியில் எத்தனையாவது எழுத்து என்று சொன்ன எண்ணை அப்படியே கொடுத்தால் பிழைக்கோடு வேறு எழுத்தின் கீழ் விழும். எழுத்துக் கணக்கையும் பைட் இடத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்ற உதவும் பொசிஷன்ரிலேட்டிவ், கவுன்ட்கேரக்டர்ஸ் என்ற சின்டில்லா அழைப்புகள் இரண்டையும் சுற்றி இரண்டு ஃபங்ஷன் எழுதி, இடம் மாற்றும் கணக்கெல்லாம் அவற்றின் வழியாகவே போகட்டும். பார்சர் யூடிஎஃப்-16 கணக்கு தந்தால் அதற்கென கோட்யூனிட்ஸ் என்று முடியும் தனி அழைப்புகள் இருக்கின்றன.

உரிமத்தையும் பாருங்கள். சின்டில்லாவை க்யூட்டுக்குள் கொண்டுவரும் தனித் தொகுப்பான க்யூசின்டில்லா ஜிபிஎல் (உங்கள் மூலநிரலையும் பகிரக் கோரும் உரிமம்) அல்லது கட்டண உரிமம். சின்டில்லாவோடு வரும் க்யூட் போர்ட்டுக்கு (க்யூட்டுக்கான வடிவத்துக்கு) அந்தக் கட்டுப்பாடு இல்லை.

லாக் ஜன்னல், குறிப்புப் பெட்டி போன்றவற்றுக்கு க்யூட்டே போதும். அதிகபட்ச வரி எண்ணிக்கையான மேக்சிமம்பிளாக்கவுன்ட்டை 5000 என வைத்தால் பழைய வரிகள் தானாக உதிரும். ஆனால் அன்டூ அணைந்துவிடும். அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள் முக்கியம் என்றால் என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்டில்லாவில் அந்த ஆதரவு அரைகுறைதான். உங்கள் தளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.