கத்திப்பிடிக்கு எண்ணெய் பூசக் கொடுத்து 18,500 ரூபா இழந்தேன்: கொழும்பில் இருப்பவர்கள் கவனியுங்கள்

நேற்று மாலைதான் கடைசியாக அந்தக் கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன. மூன்றின் பிடிகளையும் வவுனியாவில் அப்பா தம் கையாலேயே முதிரை மரத்தில் செதுக்கினார். அவர் இப்போது இல்லை. வருடக்கணக்காகப் புழங்கியதில் பிடிகள் வறண்டு வெளிறிவிட்டன. புறக்கோட்டையில் கத்திக்குச் சாணை பிடிக்கும் ஒரு கடையில், டங் எண்ணெய் (டங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுப்பது, மரச்சாமான்களுக்குப் பூசுவது) பூசி மெருகேற்றித் தருவதாகச் சொன்னார்கள். மூன்றுக்கும் 18,500 ரூபா, முழுவதும் முற்பணம்.

கடைக்காரர் கத்தியை வாங்கி, பிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முதிரைதானே அக்கா? இப்படி மினுங்கும் மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது பாவம்" என்றார். மரத்தின் பெயரை அவர் சொன்னதுமே என் மனம் இளகிவிட்டது. மாதிரிப் பிடியொன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். முத்துப்போல் உருண்டு நின்றது. ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் கைத்தேய்ப்பு என்றார். பற்றுச்சீட்டுக் கேட்கவும் தோன்றாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாளே வந்து எடுத்துப்போகச் சொன்னார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டங் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகும். ஒரு பூச்சுக்கு ஒரு நாளாவது வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அதற்கு மேலும் ஆகும். ஐந்து பூச்சு ஒரே இரவில் எப்படி முடியும்?

மூன்றாம் நாள் வெங்காயம் நறுக்கும்போது பிடி உள்ளங்கையில் பிசுபிசுத்தது. நகத்தால் கீறினேன். வெங்காயச் சருகுபோல் ஒரு படலம் உரிந்து வந்தது. அடியில் ஒரே பிசுக்கு, பழைய தேங்காய் எண்ணெயின் காறல் நாற்றம். காயாத எண்ணெயைத் தடவி, அதன்மேல் அதே வார்னிஷை அடித்திருக்கிறார்கள்!

தொலைபேசியில் கேட்டால், "மழைக்காலம் அக்கா, வெயிலில் வையுங்கள், சரிவரும்" என்றார். வைத்தேன். பெரிய கத்தியின் பிடி ஆணியடியில் பிளந்தது. நேரில் போனபோது "முதலாளி கண்டிக்குப் போய்விட்டார்". அடுத்த கிழமை "அந்த வேலை செய்த பையன் நின்றுவிட்டான்". நேற்று வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் மறுபடியும் போனேன். அதே மனிதர் என் முகத்தைப் பார்த்து, "இது நாங்கள் செய்த வேலை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

18,500 ரூபா! பணத்தையாவது உழைத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் பதிவதற்காக அப்பா குடைந்திருந்த சிறு குழியையும் மெசினில் தேய்த்து மழித்துவிட்டார்களே, அதை யார் திருப்பித் தருவார்?

நீங்களாவது ஏமாறாதீர்கள். தண்ணீர் உருள்வதை நம்ப வேண்டாம், வார்னிஷ் மேலும் அது உருளும். பூசப்போகும் எண்ணெயில் சில சொட்டுகளை வாங்கிக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி வையுங்கள். இறுகும் எண்ணெய் நாள் செல்லச் செல்லப் படலமாகும். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் ஈரமாகவே கிடக்கும். பற்றுச்சீட்டு இல்லாமல் 18,500 என்ன, 500 ரூபாகூடக் கொடுக்காதீர்கள். வீட்டில் நீங்களே ஆளிவிதை எண்ணெய் பூசினால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிய வேண்டாம். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

பெரிய கத்தியின் பிளவைச் சுற்றி இப்போது நூல் கட்டி வைத்திருக்கிறேன்.