பாதியில் நின்ற மைக்ரேஷன்: மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா?

மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை மூன்று ஆண்டுகள் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தளத்தில் நடத்திவிட்டு, அதன்பின் போஸ்ட்கிரெஸ் 16 என்ற மற்றொரு தரவுத்தளத்துக்கு மாற்றியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அன்று. போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன். வேகம், ஜேசன் வசதி, ரெப்ளிகேஷன் ஆகிய மூன்றிலும் எங்களைப் போன்ற நடுத்தர அளவுப் பணிக்கு இரண்டுமே போதுமானவை என்பதால் அவற்றைத் தாண்டிச் செல்கிறேன். என்னை மாற வைத்தது ஒன்றே ஒன்றுதான்: அட்டவணை அமைப்பை மாற்றும் வேலை (மைக்ரேஷன்) பாதியில் தோற்றால் தரவுத்தளம் எந்த நிலையில் நிற்கிறது என்பது.

ஏழு படிகள் கொண்ட மைக்ரேஷன் ஒன்றை ஓர் இரவு ஓட்டினோம். இரண்டாம் படியில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறியது. நான்காம் படி ஜிஎஸ்டி எண்ணின் மீது யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) போட முயன்று, ஒரே எண் இருமுறை பதிவாகியிருந்ததால் 1062 என்ற பிழையோடு நின்றது. சோதித்துப் பார்க்காதது எங்கள் தவறுதான். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிள் போன்ற கட்டளை ஒவ்வொன்றும் ஓடும்போதே தானாகக் கமிட் ஆகி, அதாவது நிரந்தரமாகப் பதிந்துவிடுவதால், நாங்கள் சுற்றிலும் போட்டிருந்த டிரான்ஸாக்ஷனுக்கு (நடந்தால் எல்லாம், இல்லாவிட்டால் எதுவுமே இல்லை என்ற கட்டுக்கு) பொருளே இல்லாமல் போயிற்று. 8.0-இல் வந்த அணு நிலை டிடிஎல் (அமைப்பு மாற்றக் கட்டளை) வசதி தனியொரு கட்டளை அரைகுறையாக நிற்காமல் காக்கிறதே தவிர, ஏழு கட்டளைகளை ஒரு கட்டாகப் பின்வாங்கச் செய்வதில்லை. முதல் மூன்று படிகள் ஏறிவிட்ட நிலையில், பழைய நிரல் பழைய நெடுவரிசைப் பெயரைத் தேடித் தோற்றது. புதிய நிரல் இன்னும் வராத அட்டவணையைத் தேடித் தோற்றது. மைக்ரேஷனை மீண்டும் ஓட்டினால், முதல் படியில் சேர்த்த நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது என்று 1060 பிழை வந்தது. மூன்று படிகளையும் கையால் திருப்பிய பிறகே பில் போட முடிந்தது.

போஸ்ட்கிரெஸ்ஸில் இதே ஏழு படிகளும் பிகினுக்கும் கமிட்டுக்கும் இடையில் அடங்கும். நான்காவது தோற்றால் நான்குமே நடக்காதவை ஆகிவிடும். எந்த மைக்ரேஷன் வரை ஓடியது என்று குறித்துவைக்கும் பதிவும் அதே டிரான்ஸாக்ஷனில் இருப்பதால் அதுவும் பொய் சொல்லாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. எழுதும் வேலை நிற்காமல் இண்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி வகைக் கட்டளையை டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. அது இடையில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மேலும், பிறர் குறுக்கிடாமலிருக்க அட்டவணை மீது எடுத்த பூட்டுகள் கமிட் வரை விடுபடாததால், லட்சக்கணக்கான பதிவுகளைத் திருத்தும் அப்டேட்டை அமைப்பு மாற்றத்தோடு ஒரே டிரான்ஸாக்ஷனில் சேர்க்கக் கூடாது. பூட்டுக்காகக் காத்திருக்கும் ஆல்டர் கட்டளைக்குப் பின்னால் வெறுமனே படிக்கும் செலக்ட் கட்டளைகளும் வரிசையில் நின்றுவிடும் என்பதால், மைக்ரேஷனின் முதல் வரியிலேயே லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை) மூன்று வினாடி என்று வைத்துவிடுகிறோம். கிடைக்காவிட்டால் தோற்று, சற்று நேரம் கழித்து மறுபடி முயலும். இந்த ஒரு விஷயத்தில் எதுவும் எதையும் பழிக்க முடியாது: போஸ்ட்கிரெஸ்ஸில் அந்தக் காத்திருப்பு நேரத்தின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது காலவரையற்ற காத்திருப்பு, மைஎஸ்கியூஎல்லில் மெட்டாடேட்டா (அட்டவணை அமைப்பு) பூட்டுக்கான இயல்பு மதிப்பு 3,15,36,000 வினாடி, அதாவது சரியாக ஓர் ஆண்டு.

பராமரிப்பில் மைஎஸ்கியூஎல் எளிது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி பழைய பதிவு வடிவங்களை அண்டூ பகுதியில் வைத்துத் தானே கழித்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் அவை அட்டவணைக்குள்ளேயே தங்குவதால் வேக்யூம் என்ற துப்புரவு தேவைப்படுகிறது. அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்யூம் இயல்பாக ஏறத்தாழ 20 விழுக்காடு பதிவுகள் செத்த பிறகே கிளம்பும். எங்களுடைய பெரிய அட்டவணையில் நான்கு கோடிப் பதிவுகள்; அப்படியென்றால் 80 லட்சம் சேரும் வரை குப்பை கிடக்கும். அந்த அட்டவணைக்கு மட்டும் அளவை 0.01 (ஒரு விழுக்காடு) ஆக்கி, நான்கு லட்சத்திலேயே கிளம்பச் செய்தோம். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி பிராசஸ் என்பதால் இணைப்புகளைப் பகிர்ந்துதரும் பிஜிபவுன்சரும் வேண்டியிருந்தது. மைஎஸ்கியூஎல்லில் இவ்விரண்டைப் பற்றியும் நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மாறும்போது நிரலில் இரண்டு இடங்கள் இடறின. போஸ்ட்கிரெஸ்ஸில் டிரான்ஸாக்ஷனுக்குள் ஒரு கட்டளை தோற்றால், ரோல்பேக் செய்யும் (பின்வாங்கும்) வரை அடுத்த கட்டளைகள் எல்லாமே மறுக்கப்படும். இரட்டைப் பதிவுப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் எங்கள் இறக்குமதி நிரல் அங்கே படுத்துவிட்டது. இரட்டைப் பதிவைப் பிழையின்றித் தாண்டிச் செல்லும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் சேர்த்தபின் சரியாயிற்று; வேறு வகைப் பிழைகளுக்கு சேவ்பாயிண்ட் (டிரான்ஸாக்ஷனின் நடுவே திரும்பிவரக்கூடிய குறி) வேண்டும். அடுத்தது, மைஎஸ்கியூஎல்லின் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். மின்னஞ்சல் முகவரித் தேடலில் பாதி வாடிக்கையாளர்கள் காணாமல் போனபோதுதான் இது உறைத்தது.

பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருக்கும் தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு கிளைக் குறிப்பு: அதன் பழைய யுடிஎஃப்8 குறியாக்கம் ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் யூனிகோடு குறிகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் தமிழ்ப் பெயர்கள் பழுதின்றி ஏறும், குறை கண்ணில் படாது. யாரோ ஒருவர் முகவரியில் எமோஜி இடும் நாளில்தான் 1366 பிழை எழும். நான்கு பைட் வரை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுவதே தீர்வு.

நான்கு கோடிப் பதிவுகளுக்கு மேற்பட்ட அட்டவணைகளில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் பெரிய பதிப்பு உயர்வும் ஒருமுறைதான் செய்திருக்கிறேன். மைஎஸ்கியூஎல் பக்கம் மிகப் பெரிய அட்டவணைகளை மாற்றப் பயன்படும் கோஸ்ட் கருவியைச் சோதனைச் சேவையகத்தில் மட்டுமே ஓட்டிப் பார்த்தேன், அங்கே சிக்கலின்றி ஓடியது. ஆகவே அந்த அளவில் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மைஎஸ்கியூஎல்லிலேயே தொடர்பவர்கள், ஒரு மைக்ரேஷன் கோப்பில் ஓர் அமைப்பு மாற்றக் கட்டளை மட்டும் என்று வைத்துக்கொண்டால் எங்கள் இரவின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். யுனிக் இண்டெக்ஸ் போடுவதற்கு முன், எந்தத் தரவுத்தளமானாலும், அந்த நெடுவரிசையைக் குரூப் பை செய்து (ஒரே மதிப்புகளைத் தொகுத்து) ஒன்றுக்கு மேல் எண்ணிக்கை வரும் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். எங்களிடம் இருந்தவை பதினொன்று.