வீட்டு வீடியோவ டிவில பாக்க கோடி (Kodi) ஆப் போதும்

தங்கச்சி கல்யாணம், மண்டைக்காட்டு கொடை, திற்பரப்பு அருவில பிள்ளைங்க குளிச்சது எல்லாமே கூகுள் டிரைவ்ல கிடக்கு, ஆனா அம்மைக்கு போன் ஸ்கிரீன்ல பாத்தா கண்ணு வலிக்கும், அதான் தக்கலை வீட்டு ஆண்ட்ராய்டு டிவில கோடின்னு வீடியோ ஓட்டுற ஆப் போட்டேன். 2002ல எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷினுக்குன்னு ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் இது, 2014ல தான் கோடின்னு பேர் மாறிச்சு, இன்னிக்கும் ஃப்ரீ, விளம்பரமே கிடையாது.

டிரைவ நேரடியா திறக்க கோடியோட கூடவே வர்ற வழி இல்ல. பழைய லேப்டாப்ல ஆர்குளோன்னு (rclone) ஒரு ஃப்ரீ டூல போட்டு டிரைவ வெப்டேவா (WebDAV, நெட்வொர்க் வழியா ஃபைல் குடுக்குற முறை) குடுத்தா கோடி அத சாதாரண ஃபோல்டர் மாதிரி எடுத்துக்கிடும், லேப்டாப் மட்டும் ஆன்ல இருக்கணும். செட்டப்பு கொஞ்சம் மண்டை காயும், கமாண்ட் அடிச்சு பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்ச பிள்ளைங்கள கூப்பிட்டுக்கிடுங்க. வேல முடிஞ்சா ரிமோட் போதும், அம்மையே போட்டு பாக்காங்க!

குவாலிட்டி தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. பிரவுசர்ல டிரைவ் காட்டுறது சுருக்கி மாத்துன காப்பி, கோடி ஒரிஜினல் ஃபைலயே ஓட்டும், கல்யாணப் பட்டுல ஜரிகை வரைக்கும் தெரியுது. ஆனா போன்ல எடுத்த 4கே வீடியோவுக்கு சுமாரா 50 எம்பிபிஎஸ் (Mbps) நெட் ஸ்பீடு வேணும், மழைக்காலத்துல நெட்டு இழுத்தா நின்னு நின்னு தான் ஓடும். கோடி 21ல செட்டிங்ஸ், சர்வீசஸ் உள்ள கேச்சிங்னு இருக்கு, வீடியோவ கொஞ்சம் முன்னாடியே இழுத்து வைக்கிற இடம் அது, அங்க மெமரிய கூட்டி வைங்க. சினிமா தகவல் தேடுற ஆப்ஷன தொடாதீங்க, வீட்டு வீடியோவுக்கு ஏதாவது படத்தோட போஸ்டர ஒட்டி விட்டுரும்.

துபாய்ல இருக்க அண்ணன் டிரைவ்ல ஏத்துற வீடியோவும் கொஞ்ச நேரத்துல இங்க டிவில வந்துருது. வெளிநாட்டுல ஆளு இருக்க வீட்டுக்கு கண்டிப்பா போடுங்க.